வெடி ஏற்றாத வண்டி

ஆலங்குளத்துத் தங்கத்தாய் முதல் விலைக்கு எதையும் வாங்கியவள் இல்லை. கத்தரிக்காயோ கல்யாணப் பட்டோ, கடைக்காரன் சொல்லும் முதல் விலை அவளுக்கு வணக்கம் சொல்வது மாதிரி, பேச்சு அதற்கப்புறம்தான். அந்த வகையறாவே அப்படி. அவளைப் பெற்ற ராமுத்தாய், ஒரு எருமைக்குக் காலையில் பேசத் தொடங்கி, பொழுது சாய வியாபாரியையும் சேர்த்து வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிவந்தவள்.

அப்படிப்பட்ட தங்கத்தாய் வீட்டில்தான் காரை விற்கிற பேச்சு எழுந்தது. புருஷன் தங்கப்பாண்டியன் சிமெண்ட் ஆலையில் வேலை பார்க்கிறவர். சர்க்கரை நோய் கண்ணைத் தொட்டுவிட்டது. இனி வண்டி ஓட்டக் கூடாது, மாதாமாதம் வந்து கண்ணில் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். ஊசி போட்ட கண்ணைப் பொத்திக்கொண்டு அவர் பஸ் மாறி வந்ததை ஒருமுறை பார்த்ததே தங்கத்தாய்க்குப் போதும். மகள் பிரீத்திக்குப் பதினெட்டு முடிந்திருந்தது. கையில் புது லைசென்ஸ். அவள் ஓட்டட்டும் என்று அம்மாவும் மகளும் முடிவு செய்திருந்தார்கள்.

வண்டியின் இன்சூரன்ஸ் முடிகிற சமயம் பார்த்து அமெரிக்காவிலிருந்து ஹரிபிரசாத் பேசினான். தங்கப்பாண்டியனின் அக்கா வேலுத்தாய்க்கு மூத்த மகன்.

"மாமா, விளையாட்டா நெனைக்காதீக. இங்க எம் மகன் லைசென்ஸ் எடுத்தான், இன்சூரன்ஸ் டபுளாயிருச்சு. சின்னப் பிள்ளைக ஓட்டுனா கம்பெனிக்காரன் தோலை உரிச்சுருவான்."

மாமா அன்றைக்கே வண்டியை வாங்க ஆள் பார்த்துவிட்டார்.

"அமெரிக்காவுல வெலை ஏறுனா ஆலங்குளத்துல எதுக்கு வண்டியை விக்கணும்?" என்றாள் தங்கத்தாய். "நான் போய்க் கேட்டுட்டு வாரேன். அதுவரைக்கும் சாவி எங்கிட்ட இருக்கட்டும்."

சாத்தூரில் பெத்தணன் என்று ஒருவன் ஜெராக்ஸ் கடையில் வைத்தே இன்சூரன்ஸும் போட்டுக் கொடுப்பான். தங்கத்தாயின் சித்தப்பா கொழுந்தியாள் மகன், முறைக்குத் தம்பி. அவன் சொன்ன தொகையைக் கேட்டு அவள் சிரித்தாள்.

"ஏலே, நான் கேட்டது இன்சூரன்ஸு. நீ வண்டி வெலையைச் சொல்லுத."

"இல்லக்கா, எது ஒடைஞ்சாலும் புதுப் பார்ட்டுக்கு முழுக் காசும் வந்துரும்."

"பதினோரு வருச வண்டிக்குப் புதுப் பார்ட்டா? கெழவிக்குச் சடங்கு சுத்துன மாதிரி இருக்கு. அதைத் தூக்கு. வேற என்னத்தைச் சேத்திருக்க?"

"வழியில நின்னுட்டா இழுத்துட்டு வர ஆள் வருவாக."

"இங்கன இருந்து மதுர வரைக்கும் எங்க ஆளுக ஊருக்கு ஒருத்தர் இருக்காக. அதையும் தூக்கு. பிள்ளை ஓட்டுறதுக்குன்னு எம்புட்டு?"

"அதுக்குத் தனியா ஒண்ணும் கெடையாதுக்கா. இங்க பாலிசி வண்டிக்குத்தான். ஓட்டுறவுகளுக்கு லைசென்ஸ் இருந்தாப் போதும். மச்சான் க்ளெய்மே கேட்டதில்ல, அந்தத் தள்ளுபடியும் இருக்கு."

"பெறகென்ன, இன்னும் ரெண்டு கம்பெனியில போட்டுப் பாரு. நான் உக்காந்திருக்கேன்."

உட்கார்ந்துவிட்டாள். முதலில் சொன்ன தொகையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றது. புதிதாக ஓட்டுகிறவள் எங்காவது உரசத்தான் செய்வாள் என்று, வண்டிச் சேதத்துக்கும் சேர்த்தே போடச் சொன்னாள். பணத்தை வாங்கும்போது பெத்தணன் குரலைத் தாழ்த்தினான்.

"ஒண்ணு சொல்லுதேன், கோவிச்சுக்கிடாத. இது வீட்டு வண்டிக்குப் போடுத பாலிசி. டிக்கியில தீபாவளி வெடிப் பெட்டி வச்சு ஏதாச்சும் ஆச்சுன்னா, ஒத்தப் பைசா தரமாட்டாக."

"இத்தனை வருசமா வச்சுத்தானேலே போனோம்?"

"இத்தனை வருசமா ஒண்ணும் நடக்கலக்கா."

தங்கத்தாய் ரசீதை வாங்கி மடித்துக்கொண்டு எழுந்தாள். சாத்தூரில் தொடங்கித் திருமங்கலம், மதுரை வரை சொந்தக்காரர் வாசல்களுக்கெல்லாம் அந்த டிக்கியில்தான் தீபாவளி போனது. வண்டி நிற்காத வாசலில் மனஸ்தாபம் நிற்கும். ஆனால் ஸ்டியரிங்கில் இப்போது பிரீத்தி. வீட்டுக்கு வந்ததும் வண்டி பார்க்க வருகிறவர்களை வரவேண்டாமென்று சொல்லச் சொன்னாள். புருஷனிடம் அடுத்த பேச்சு: "இனிமே இந்த வண்டியில ஒரு கம்பி மத்தாப்புகூட ஏறாது. உங்க அக்காவுக்கும் சேத்துத்தான்."

அவர் வண்டி பார்க்க வருகிறவர்களுக்குப் போன் போட்டார்.

தீபாவளிக்கு முந்தின ஊசிக்கு மூவரும் மதுரைக்குக் கிளம்பினார்கள். வழியில் வேலுத்தாய் வீட்டில் காபிக்கு நிறுத்தினார்கள். குடித்துவிட்டு வெளியே வந்தால் டிக்கி திறந்து கிடக்கிறது. உள்ளே வெடி அடைத்த இரண்டு கிப்ட் பாக்ஸ்.

"சினேகா வீட்டுலதான இறக்கப் போறீக, மதுரையில," என்றாள் வேலுத்தாய். சினேகா அவளுடைய மகள்.

"மதினி, எடுத்துருங்க. இந்த வண்டியில வெடி ஏத்தக் கூடாது."

"ஏ யாத்தே! எந்தம்பி ஓட்டுன வரைக்கும் எத்தனை பெட்டி போச்சு? இப்ப உம் மக ஓட்டவும் வண்டிக்கு மடி ஆசாரம் வந்துருச்சாக்கும்?"

தெருவில் இரண்டு மூன்று தலைகள் திரும்பின. ஸ்டியரிங்கில் ஏறி உட்கார்ந்துவிட்ட பிரீத்தி சாவியைத் திருப்பவில்லை. "அத்தை, பெட்டி உள்ள இருக்க வரைக்கும் நான் எடுக்க மாட்டேன்," என்றாள்.

"பாத்தியாடா தம்பி? ரெண்டு பேரும் பேசுற பேச்சை!"

பக்கத்து சீட்டில் ஏறியிருந்த தங்கப்பாண்டியன் இறங்கினார். தாய் போனபின் அவரை இடுப்பில் தூக்கி வளர்த்த அக்கா அவள். அவளுக்கு எதிராக அவர் வாய் திறந்து யாரும் கேட்டதில்லை. வண்டியைத் தடவிக்கொண்டே பின்னால் போனார். ஒரு பெட்டியைத் தூக்கி வாசற்படியில் வைத்தார். பிறகு அடுத்தது.

"அக்கா, ஓட்டுறது எம் மக," என்றார். அவ்வளவுதான்.

வேலுத்தாயின் கண் கலங்கிவிட்டது. "அப்ப எம் பேரப் பிள்ளைகளுக்கு வெடி?"

"பிள்ளைக இங்கன வரட்டும் மதினி," என்றாள் தங்கத்தாய். "வெடி பெறக்குற சீமையை விட்டுட்டு மதுரையில போயா கொளுத்தணும்? நாலு நாள் உங்க வாசல்ல போட்டு வெடிக்கட்டும். முறுக்கு நான் சுட்டுத் தாரேன்."

"அவ மாமியா விடணுமே."

"எங்களோட மதுரைக்கு வந்து நேர்லயே கேளுங்க. எப்படி விடமாட்டாகன்னு பாப்போம்."

வேலுத்தாய் மூக்கைச் சிந்தினாள். பெட்டிகளைப் பார்த்தாள், வண்டியைப் பார்த்தாள். "ஆளாவது ஏறலாமா, அதுக்கும் உங்க கம்பெனிக்காரன் கிட்ட கேக்கணுமா?" என்றாள்.

"ஏறுங்க அத்தை," என்று பிரீத்தி எட்டிப் பின்கதவைத் திறந்துவிட்டாள்.

பெட்டிகளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு, சேலையை மாற்றிக்கொண்டு வந்து ஏறினாள் வேலுத்தாய். நாலுவழிச் சாலையைத் தொடுவதற்குள், சம்பந்தியம்மாளிடம் எதை முதலில் சொல்ல வேண்டும், எதற்கு இறங்கிவரக் கூடாது என்று தங்கத்தாய் அவளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.