சங்கிலி மாற்றிய பிரேக் பேடு

என் வீட்டுக்காரர் சங்கிலிக்குச் சும்மா உட்கார வராது. பள்ளிக்கூட ஆய்வகத்தில் வேலை. வீட்டுக்கு வந்தால் மிக்சி, மோட்டார், அடுத்த வீட்டு இஸ்திரிப் பெட்டி என்று எதையாவது பிரித்துப் போட்டால்தான் சோறு இறங்கும். 2003 ஆவணியில் கைவைத்தது எங்கள் பழைய மாருதியில்.

மறுநாள் மலைமேல் கட்டப்பனையில் எங்கள் மகள் அபிதாவுக்கு வளைகாப்பு. முடிந்ததும் பிரசவத்துக்குக் கம்பம் அழைத்து வரவேண்டும். வயிற்றுப் பிள்ளையோடு மலையிறக்கம்! இந்த மனுஷனோ பெட்ரோல் மிச்சம் என்று இறக்கம் முழுக்க எஞ்சினை அணைத்துவிட்டு, பிரேக்கை நம்பியே வருகிறவர். பேடு என்னத்துக்கு ஆகும்? தேய்ந்துபோய் இரும்பு கீச்சென்று கத்தியது.

"மெக்கானிக்கிட்ட விட்டுத் தொலைங்க."

"எதுக்கு? எப்பிடி மாட்டணும்னு கடையிலயே சொன்னாக. நாலு போல்ட்டு, அம்புட்டுத்தேன்."

சக்கரத்தைக் கழற்றினார். புதுப் பேடு தடிமன், உள்ளே போகவில்லை. பேடை அழுத்துகிற பிஸ்டனைப் பின்னுக்கு நெம்பித் தள்ளி ஒருவழியாக மாட்டினார். அடுப்படிக்கும் வாசலுக்கும் பத்துத் தடவை நடந்திருப்பேன்.

"ஏறு, ஒரு ரவுண்டு போவம்" என்றார். பின்சீட்டில், அபிதா உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தேன். எங்கள் தெரு சரிவு. வண்டி உருண்டது. பிரேக்கை மிதித்தார். மிதி அப்படியே தரையோடு படுத்துவிட்டது.

"ஆத்தாடி!" என்று அலறினேன்.

எதிர்வீட்டில் அடுக்கியிருந்த காலித் திராட்சைப் பெட்டிகளில் மோதி நின்றோம்.

புதுப் பேடு மாட்டினால், பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் திரும்பி வர, வண்டியை எடுக்குமுன் மிதி இறுகும்வரை நாலைந்து தடவை மிதிக்க வேண்டுமாம். அவசரத்தில் மறந்திருக்கிறார். இப்போது மிதித்தார், இறுகியது.

"சரியாயிருச்சு" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "எம்புள்ள இதுல ஏற மாட்டா!"

சண்டைக்கு வருவார் என்று பார்த்தேன். சாவியை என் கையில் வைத்தார். "நானும் அதத்தேன் நெனச்சேன். மீரான் மைதீன வரச்சொல்லு."

எஸ்டேட்டுக்குத் தினமும் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்காரர் மீரான். மறுநாள் சாயங்காலம் அவர் ஜீப்பில்தான் அபிதா மலையிறங்கினாள், வழியெல்லாம் என் தோளில் தூங்கிக்கொண்டு. இவர் முன்சீட்டில், மீரானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார்.

வீட்டு வாசலில் எல்லாரும் இறங்கினோம். இவர் மட்டும் இறங்கவில்லை.

"என்னாச்சுங்க?"

"வலது காலு மரத்துப்போச்சு."

மீரான் சிரித்தார். "மரக்காம என்னக்கா செய்யும்? மேல இருந்து ஒரு வளைவு விடாம, பிரேக்குனு நெனச்சு வெறுந்தரையப் போட்டு மிதிச்சுக்கிட்டே வந்தாக."

திட்டுவதற்கென்று நேற்றிலிருந்து சேர்த்து வைத்திருந்ததெல்லாம் எங்கே போனதோ. குனிந்து அவர் காலைப் பிடித்து நீவிவிட்டேன்.