அண்ணியின் கம்ப்யூட்டரில் வேணு போட்ட லினக்ஸ்

வேங்கிக்காலில் யார் வீட்டுக் கம்ப்யூட்டர் மக்கர் செய்தாலும் வேணுவைத்தான் கூப்பிடுவார்கள். அவனுக்கு அதில் தலைகால் புரியாத பெருமை. தெரியாது என்ற வார்த்தை மட்டும் அவன் வாயில் வராது. 2003-இல் அந்த வாய்தான் அவனைக் கவிழ்த்தது.

ரமணாசிரமம் பக்கம் அறை எடுத்துத் தங்கியிருந்த ஸ்டெஃபான் என்ற ஜெர்மன்காரர் அவனுக்கு ஒரு லினக்ஸ் சிடி கொடுத்திருந்தார். விண்டோஸ் மாதிரியே கம்ப்யூட்டரை ஓட்டுவதாம், வைரஸே வராதாம். அதை எதிலாவது போட்டுப் பார்க்காமல் வேணுவுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அகப்பட்டது அண்ணி ஆதிலட்சுமியின் கம்ப்யூட்டர்.

ஆதிலட்சுமி பள்ளிக்கூட டீச்சர். மாவட்டத்து ஏரிகளைப் பற்றி எம்.ஃபில். ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தாள். சமைத்து, பரீட்சைத் தாள் திருத்தி, மிச்ச நேரத்தில் ஒற்றை விரலால் தட்டித் தட்டி ஏற்றிய பக்கங்கள். எப்படியாவது கல்லூரி வேலைக்குப் போய்விட வேண்டும் என்று அவளுக்கு ஆசை.

“எழுதினதையெல்லாம் காப்பி எடுத்து வச்சிக்கட்டா வேணு?”

“எதுக்கு அண்ணி? பழசும் இருக்கும், புதுசும் இருக்கும். நான் இருக்கேன்ல.”

போட்டான். மறுபடி ஆன் செய்தபோது கறுப்புத் திரையில் நாலு ஆங்கில எழுத்து வந்து அப்படியே நின்றுவிட்டது. விண்டோஸும் இல்லை, லினக்ஸும் இல்லை. ஒயரையெல்லாம் பிடுங்கிச் செருகிப் பார்த்தான். அண்ணி பின்னாலேயே நின்றாள்.

“ஏரியெல்லாம் உள்ள இருக்குதுல்ல?”

“இருக்குது அண்ணி.”

வண்டியை எடுத்துக்கொண்டு ஸ்டெஃபானிடம் ஓடினான். கதவில் ‘மௌன விரதம்’ என்று அட்டை. பக்கத்தில், வருகிறவர்கள் சொல்ல வேண்டியதை எழுதிக் காட்ட ஒரு சிலேட். ஜன்னல் வழியே பார்த்தால் மனிதர் வாழைப்பழம் தின்றுகொண்டிருந்தார். வேறு ஊர்க்காரனாக இருந்தால் கதவைத் தட்டியிருப்பான். இவன் இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவன். மௌனத்தில் இருப்பவரிடம் போய்க் கம்ப்யூட்டர் ரிப்பேர் பேசுவதா என்று கூசி, செருப்பைக் கழற்றி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிட்டான்.

தன்னால் முடியவில்லை என்று அண்ணியிடம் சொல்லியிருக்கலாம். விரதம் முடியும்வரை பொறுத்திருக்கலாம். எல்லாம் எப்படியும் அழிந்துதான் போயிருக்கும் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டு, விண்டோஸ் சிடியைப் போட்டு டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தான் மகராசன். திரை பளிச்சென்று வந்தது.

“உள்ள இருந்ததெல்லாம் தானா அழிஞ்சிட்டுது அண்ணி.”

ஆதிலட்சுமி எம்.ஃபில். பேச்சை அதோடு விட்டுவிட்டாள்.

விரதம் முடிந்து கடைத்தெருவுக்கு வந்த ஸ்டெஃபான் வேணு சொன்ன கதையைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் சின்ன புரோகிராம்தான் கெட்டிருக்கும், பக்கங்கள் அத்தனையும் பத்திரமாக உள்ளேயே இருந்திருக்கும் என்றார். அதே சிடியைப் போட்டு ஒரு வரி அடித்தால் போதுமாம். சிலேட்டில் கேட்டிருந்தால் எழுதித் தந்திருப்பேனே என்றார்.

அண்ணியிடம் உண்மையைச் சொல்லிவிடுவது என்றுதான் வேணு வீட்டுக்குப் போனான். கூடத்தில் பக்கத்து வீட்டு உண்ணாமலை, தன் வீட்டுக் கம்ப்யூட்டரை யாரிடம் கொடுப்பது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எங்க வேணுகிட்ட குடு,” என்றாள் ஆதிலட்சுமி. “என்னுது அழிஞ்சப்போ சோறு தண்ணி இல்லாம அலைஞ்சான், பாவம். முடியலன்னா முடியலன்னு சொல்லிடுவான். பொய் மட்டும் சொல்ல மாட்டான்.”

உண்ணாமலை திரும்பிப் பார்த்தாள். “எப்ப தம்பி வர்றே?”

வேணு அண்ணியின் முகத்தைப் பார்த்தான்.

“நாளைக்கு வரேன்க்கா,” என்றான்.