கமலவேணி பார்த்த ரோமானியர் வீடு

கமலவேணிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. அந்தக் காலோடு, இங்கிலாந்தில் மழை தூறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புல்வெளி நடுவே ஈரப்பாதையில் அவளை நடத்திக்கொண்டு போனான் மகன் சபரிநாதன். ரோமானியர் காலத்து மாளிகை, ஆயிரத்தெழுநூறு வருஷம் பழையது என்று காரிலேயே பாடம் எடுத்திருந்தான்.

போய்ப் பார்த்தால் இடுப்புக்குக்கூட எட்டாத சுவர்கள்.

"ஊடு எங்க தம்பி?"

"இதாம்மா ஊடு."

"கூரையில்லாத ஊட்டுக்கு டிக்கெட்டா? நம்மூருல இப்பிடிக் கெடந்தா எருமை கட்டுவாங்க."

கணவர் சென்னியப்பன் தொண்டையைக் கனைத்தார். மகன் எதைக் காட்டினாலும் மண்டையை ஆட்டுவது என்ற முடிவோடுதான் அவர் சேலத்திலிருந்தே கிளம்பியிருந்தார்.

தரைக்கு மட்டும் கொட்டகை போட்டுச் சுற்றிலும் கம்பி கட்டியிருந்தார்கள். பொடிப்பொடிக் கற்களைப் பதித்து மீனும் கொடியும் வரைந்த தரை. நடுவில் ஒரு பெண்ணின் முகம், மூக்கைக் காணோம்.

"எப்பிடிம்மா? இத்தனை வருசமாப் பாதுகாத்து வெச்சிருக்கறாங்க!" என்று கோயிலில் பேசுவதுபோல் கிசுகிசுத்தான் சபரிநாதன்.

கமலவேணிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சேலம் அஸ்தம்பட்டியில் தங்கள் வீட்டு ஹாலுக்கு மொசைக் போட்டபோது வெள்ளை, பச்சை, கறுப்பு என்று சில்லுகளை அவளே பார்த்து எடுத்தாள். மெஷின் வைத்துத் தேய்த்த சேற்றைக் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வாளி வாளியாக அள்ளிக் கொட்டினாள். அந்தக் கைக்குழந்தைதான் இந்தச் சபரிநாதன். அன்றிலிருந்து துடைக்கிறாள், அந்தத் தரை ஒரு நாளும் அவளை வழுக்கிவிட்டதில்லை. அதே சேலத்து ஃபேர்லேண்ட்ஸில் அவள் தம்பி வீட்டுப் பளபள டைல்ஸில் விழுந்துதான் முழங்காலே போனது. இப்போது அதே டைல்ஸை அவள் வீட்டிலும் ஒட்ட வேண்டும் என்கிறான் மகன். ஆவணியில் பேத்தி இனியாவுக்குக் காதுகுத்து. வருகிறவர்கள் பழைய தரையைப் பார்த்தால் மகனுக்கு மானம் போய்விடுமாம். "நான் திரும்பி வர்ற வரைக்கும் யாரும் கை வெக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டுத்தான் அவள் விமானம் ஏறினாள்.

சென்னியப்பனின் போன் அடித்தது. வீடியோவில் கொத்தனார் வீரபாகு. பின்னால் டமார் டமார் என்று சத்தம்.

"ஏனுங்கண்ணா, நாளைக்கு ஆடி பொறக்குதுங்க. ஆடியில ஊட்டு வேலை தொடங்கப்படாதில்லீங்களா, அதான் இன்னைக்கே கை வெச்சாச்சு. நீங்க சொன்னபடி ஜன்னலோரம் ஒடச்சு முடிஞ்சுதுங்க."

'நீங்க சொன்னபடி' என்றதும் கமலவேணி கணவரைப் பார்த்தாள். அவர் மூக்கில்லாத முகத்தைப் பார்த்தார்.

போனைப் பிடுங்கினாள். "வீரபாகு, சுத்தியலக் கீழ வெய்யி!"

"அக்கா, டைல்ஸ் வந்து எறங்கிருச்சுங்களே..."

"அதை மொட்டமாடியில ஒட்டு. அங்க யாரும் உழுக மாட்டாங்க."

"அம்மா, மெதுவா. எல்லாரும் பாக்கறாங்க," என்றான் மகன்.

"பாக்கட்டும். ஊரான் ஊட்டுத் தரைய மழையில நனைஞ்சுட்டு வந்து பாக்கறவங்கதான, என்னையும் பாக்கட்டும்."

"அது ரோமானியருதும்மா. நம்முளுது வெறும் முப்பத்தஞ்சு வருசம்."

"அவங்களுதும் ஒரு காலத்துல முப்பத்தஞ்சு வருசந்தான். உன்னாட்டம் ஒரு மகன் அவங்களுக்கு வாய்க்கல, தரை தப்பிச்சுது."

சென்னியப்பன் மெல்ல வாயைத் திறந்தார். "ஒடச்சது ஒடச்சாச்சு கமலா. அரையுங்கொறையுமா உட்டா நல்லாவா இருக்கும்?"

அவள் கம்பிக்கு உள்ளே கையை நீட்டினாள். கற்கள் பெயர்ந்துபோன இடங்களிலெல்லாம் வெறும் சாம்பல் நிறப் பூச்சு. "இங்க என்ன பண்ணியிருக்கறாங்க, பாருங்க. போன எடத்துல பூசி உட்டுட்டாங்க. அதைத்தான உங்க மகன் வாயப் பொளந்து பாக்கறான்?" போனுக்குத் திரும்பினாள். "ஒடச்ச எடத்துல சிமெண்ட்டப் பூசு வீரபாகு. வழவழன்னு இழைக்காத, சொரசொரன்னு இருக்கட்டும்."

"நாளைக்கு ஆடிங்கக்கா..."

"தொடங்கறதுக்குத்தான ஆடி ஆகாது? நீ இன்னைக்கே தொடங்கிட்ட. நாளைக்கு முடி."

"காதுகுத்துக்கு வர்றவங்க கேட்டா என்னத்தச் சொல்றது?" என்றார் சென்னியப்பன்.

"நீங்க ஒடைக்கச் சொன்னீங்கன்னு சொல்லுங்க."

கமலவேணி கம்பியில் சாய்ந்து போனை முகத்தருகே வைத்துக்கொண்டாள்.

"ஜல்லியெல்லாம் கூட்டித் தள்ளிட்டுக் காட்டு. சாமி ரூம் பக்கம் எவ்வளவு மிச்சம் இருக்குதுன்னு நான் பாக்கோணும்."

வீரபாகு விளக்குமாறு தேடிப் போனான். பின்னால் நாலைந்து வெள்ளைக்காரர்கள் தரையைப் பார்க்கக் காத்திருந்தார்கள். அவள் நகர்வதாக இல்லை.