பதினேழாவது ஆள்

அட்டைப்பெட்டித் தொழிற்சாலையின் வாசல் அறையில் பன்னிரண்டு வருடமாக யார் வந்தார், யார் வரவில்லை என்று எழுதிக்கொண்டிருந்தவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'பதிவேடு' என்றால் அவள்தான். இந்த வயதில் உனக்கெதற்கு என்று வீட்டில் முணுமுணுக்க முணுமுணுக்க, மனிதவள மேலாண்மை முதுகலையில் சேர்ந்து வார இறுதி வகுப்புகளுக்கு ஓடினாள். ஒரு நாளாவது உள்ளே அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்துவிட வேண்டும், அவ்வளவுதான்.

கடைசி வருடம் ஆய்வேடு. தொழிலாளர் ஏன் வேலைக்கு வராமல் போகிறார்கள் என்பது தலைப்பு. இதைக் கேட்டால் யார் வாயைத் திறப்பார்கள்? சாப்பாட்டு இடைவேளையில் இவள் தாளோடு போனாலே கூட்டம் கலைந்தது. மேனேஜருக்கு உளவு பார்க்கிறாள் என்று காதுபடவே பேசினார்கள்.

கை கொடுத்தவள் பேக்கிங் பிரிவு டேப் அக்கா. டேப் உருளையை வளையல் மாதிரி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டு திரிகிறவள்.

"நம்ம பிள்ளை படிக்குது. மறைக்காம சொல்லுங்கடி" என்று நாற்பது பேரை உட்கார வைத்தாள். ஆரம்பித்தும் வைத்தாள்.

"எனக்குக் காய்ச்சலும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. வீட்டுக்காரருக்கு வலிப்பு. அவருக்குன்னு கேட்டா லீவு இல்லங்கறாங்க, எனக்குன்னா தர்றாங்க. அதான் பொய்யா டாக்டர் சீட்டு. எழுதிக்கோ. பேரு வராதுல்ல?"

"சத்தியமா வராதுக்கா."

பெயர் வரவில்லைதான். எல்லோரையும் எண்ணாக்கினாள். அக்கா பதினேழாவது ஆள். ஆனால் பின்னிணைப்பில் விவர அட்டவணை இல்லாவிட்டால் மதிப்பெண் குறையும் என்றார் பேராசிரியர். எண்ணுக்கு நேரே பிரிவு, வயது, எத்தனை வருட சர்வீஸ் என்று பதிவேட்டைப் பார்த்து அழகாக நிரப்பினாள். அங்கேதான் கோட்டை விட்டாள்.

ஒரு பிரதியைத் தொழிற்சாலைக்குத் தர வேண்டும் என்பது அனுமதிக் கடிதத்தின் நிபந்தனை. பேராசிரியர் அட்டையைத் தாண்டினாரோ என்னவோ, மேனேஜர் ஒரு வரி விடாமல் படித்துவிட்டார். கூப்பிட்டுப் பாராட்டினார். அடுத்த மாதத்திலிருந்து மனிதவளப் பிரிவில் உதவி அதிகாரி என்றார். பிறகு பென்சிலால் அட்டவணையைத் தட்டினார்.

"பதினேழு. பேக்கிங், பத்தொன்பது வருஷ சர்வீஸ். அப்படி அங்க ஒருத்திதானே?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். தப்பாகப் போட்டுவிட்டேன் என்று புளுகியிருக்கலாம். நாற்பது பேரிடம் உண்மையைக் கறந்தவளுக்கு ஒரு பொய் சொல்ல வாய் வரவில்லை. நாற்காலி ஆசை நாக்கைக் கட்டிப்போட்டது. அதை நினைத்து நினைத்து இன்றுவரை வெந்துகொண்டிருக்கிறாள்.

போலிச் சீட்டு கொடுத்ததாக அக்காவை வேலையை விட்டு எடுத்தார்கள். வேலையை விட்டுப் போகிறவரிடம் கேள்விகள் கேட்டுப் படிவம் நிரப்புவது புது உதவி அதிகாரியின் வேலை.

அக்கா எதிரே உட்கார்ந்தாள். மணிக்கட்டிலிருந்து டேப் உருளையைக் கழற்றி மேசைமேல் வைத்தாள்.

"இது கம்பெனியோடது."

இவள் படிவத்தை எடுத்து முதல் கேள்விக்கு நேரே பேனாவை வைத்தாள். கண்ணீர் தாளில் விழுந்தது.

"பாஸாயிட்டியா?" என்றாள் அக்கா.

"ஆயிட்டேன்க்கா."

"சரி." எழுந்து கதவுவரை போனவள் நின்றாள். "என்னை விடு. அந்த நாப்பது பேரையும் மறைக்காம சொல்லுங்கடின்னு உட்கார வெச்சது நான். அவங்க மூஞ்சில இனி எப்படி முழிப்பேன்?"