கௌரம்மா அக்கா எழுதிய அட்டை

எண்பதுகளின் நடுவில் உளவியல் எம்.ஏ. படித்துக்கொண்டிருந்தேன். ஆய்வுக்காக ஒரு கவனச் சோதனை நடத்தினேன். அட்டையில் 'பச்சை' என்று சிவப்பு மையில், 'நீலம்' என்று மஞ்சள் மையில், இப்படி வரிசையாக நிறப் பெயர்கள் எழுதியிருக்கும். சொல்லைப் படிக்காமல் மையின் நிறத்தை வேகமாகச் சொல்ல வேண்டும். எங்கள் ஊர் பாப்பாரப்பட்டியில் எல்லோரும் தடுமாறினார்கள். தமிழாசிரியர் ஒருவர் எரிச்சலில் அட்டையைக் கவிழ்த்தே வைத்துவிட்டார்.

பக்கத்து வீட்டுத் தையல்காரர் கௌரம்மா அக்கா மட்டும் கடகடவென்று சொல்லி முடித்தார். நூல்கண்டு பொறுக்கிப் பழகிய கண், அதனால்தான் இவ்வளவு கவனம் என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதி, அதை அவரிடமே பெருமையாகப் படித்துக் காட்டினேன்.

அக்கா சிரித்துவிட்டார். "நான் படிச்சது கன்னடம் கண்ணு. கட்டிக்கிட்டு வந்த பொறவுதான் தமிழ் பேசவே கத்துக்கிட்டேன். உன் எழுத்து எனக்கு வெறும் கோடு."

அவர் ஜாக்கெட் அளவு எழுதுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். என்ன எழுத்து என்று ஒருநாளும் பார்த்ததில்லை.

என் கலர் பேனாக்களை வாங்கி, அதேபோல் கன்னடத்தில் ஓர் அட்டை எழுதினார். தானே எழுதியதுதான், ஆனாலும் நிறம் சொல்லும்போது மூன்றாவது சொல்லில் திக்கி நின்றார். பிறகு என்னிடம் நீட்டினார். நான் ஒரு பிழையும் இல்லாமல் சொன்னேன்.

"அடேயப்பா, உனக்கு எவ்ளோ கவனம்!" என்றார்.

நோட்டில் அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு, அவரிடமே கன்னடம் கற்றேன். அந்த அட்டை இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது மூன்றாவது சொல்லில் நானும் திக்குகிறேன்.