அந்தப் பெரிய துவக்கால் என்ன பிரயோசனம்?

துவக்குச் சுடுகிற றேஞ்சில் வேலை செய்பவன் நாள் முழுக்கக் காதுக்கவசம் போட்டிருக்க வேண்டும் என்பது விதி. அதைக் கழற்றிய நிமிடமே வாடிக்கையாளர் தன் கதையைத் தொடங்குவார் என்பது அனுபவம். கவுண்டருக்குப் பின்னால் நின்று சீவிக்கும் சகபாடிகளே, நீங்கள் விற்பது சேலையோ செல்போனோ, என் பாடு உங்களுக்கு விளங்கும்.

நான் கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் படித்து, ஊருக்கே திரும்பிப் போய்ச் சில வருடம் இருந்து பார்த்து, அதுவும் சரிவராமல் மறுபடி இங்கே வந்தவன். வந்த நேரம் மார்க்கம் நகரின் வடக்கு ஓரத்தில் ஒரு துவக்குக் கடையும் அதன் பின்னாலிருந்த றேஞ்சும் ஆள் தேடின. "வெடிக்குப் பயந்து ஓடிவந்த சனம் நாங்கள். நீ வெடிக்கிற இடம் தேடிப் போறியோ?" என்று அம்மா கேட்டார். அதற்குப் பதிலாகக் குலம் அண்ணையின் கதையைச் சொல்லிவிடுகிறேன்.

வரிசை

இன்னும் கொஞ்ச நாளில் இந்த நாட்டில் கைத்துப்பாக்கி வாங்கவோ விற்கவோ முடியாமல் போகும் என்று அறிவிப்பு வந்த வாரம், எங்கள் கடை வரிசை வாசலைத் தாண்டி வாகனத் தரிப்பிடம் வரை போயிருந்தது. அதில் குலம் அண்ணையும் நின்றார். பக்கத்து யூனியன்வில்காரர். தொழிற்சாலையில் மெஷின் ஓட்டி அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தார். மான் வேட்டைக்குப் போவோம் என்று ஒரு சிநேகிதர் அவரை லைசென்ஸ் வகுப்புக்கு இழுத்துப்போயிருந்தார். சிநேகிதர் பெயில், இவர் பாஸ். கைத்துப்பாக்கிக்கும் செல்லுகிற அந்த லைசென்ஸ் சும்மா கிடந்தது.

அவர் கவுண்டருக்கு வந்து சேர்ந்தபோது, மனிதர் தூக்கக்கூடியதெல்லாம் விற்றுப்போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒரு ஐம்பது காலிபர் றிவோல்வர். முழங்கை நீளம், இரண்டு கிலோ எடை. ஐந்து ரவை போடலாம், ஒவ்வொன்றும் பெருவிரல் தடிப்பு. "அண்ணை, இது பழகிறவை வாங்கிற சாமான் இல்லை" என்றேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கூடப் பார்க்கவில்லை. பொருளாதாரத் தடைக்குள் இருந்த யாழ்ப்பாணத்தில், என்ன விற்கிறார்கள் என்று தெரியாமலே வரிசையில் நின்று பழகிய தலைமுறை அது. சவர்க்காரம் வாங்கும் முகத்தோடு லைசென்ஸை நீட்டினார்.

"தம்பி, நாளைக்கு வராது எண்டு சொன்ன சாமான் ஒண்டையும் நான் இண்டைக்கு வாங்காமல் விட்டதில்லை."

முதல் வெடி

அவர் முதலாவதாகச் சுட வந்த சனிக்கிழமை, ரீற்றா அக்காவும் பக்கத்தில் வந்து நின்றார். அவர்தான் எங்கள் றேஞ்ச் பொறுப்பாளர், மன்னார்க்காரி, அவர் குரலுக்கு ஒலிபெருக்கி தேவைப்பட்டதில்லை. அண்ணை இரண்டு கையாலும் பிடித்து, மூச்சை இழுத்து, விசையை அழுத்தினார்.

நாள் முழுக்க வெடி கேட்கிற காது எங்களது. ஆனால் இது வேறு. நெஞ்சில் வந்து இடித்தது. கூரையிலிருந்து தூசி கொட்டியது. அடுத்தடுத்த சுடும் லேன்களில் இருந்த சீனப் பையன்கள் கைதட்டினார்கள். தமிழர் மூன்று பேர் மட்டும் தரையில் குந்தியிருந்தோம். யாரும் யாருக்கும் சொல்லவில்லை. சின்ன வயதில் பழகிய கால்கள் தாமாகவே மடிந்துவிட்டன. அண்ணை துவக்கை மேசையில் ஒழுங்காக வைத்துவிட்டுத்தான் குந்தினார் என்பதை அவருக்காகச் சொல்ல வேண்டும்.

ரீற்றா அக்கா குந்தியபடியே தலையை நீட்டி இலக்குத் தாளைப் பார்த்தார்.

"அண்ணை, தாள் சுகமாய் இருக்கு. விழுந்து கிடக்கிறது நாங்கள்தான்."

கெடு

அடுத்த சனிக்கிழமை, அண்ணை றேஞ்சுக்கு வந்திருந்த நேரம், கடைக்குப் போன் வந்தது. யோகா அக்கா, அண்ணையின் மனைவி. பின்னால் பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தாளிக்கிற சத்தமும் கேட்டது. அவசரமே இல்லாமல் கதைத்தார். இவருக்கு மணிக்கட்டு வீங்கி ஊறுகாய்ப் போத்தல்கூடத் திறக்க முடியவில்லையாம். விற்கவும் ஏலாது, ஆருக்கும் கொடுக்கவும் ஏலாது, இப்படி ஒரு சாமானை வீட்டில் வைத்திருக்க ஏதாவது நியாயம் வேண்டாமா என்றார். நான் "ஓம் அக்கா" என்றேன். அக்கா கெடு வைத்தார்.

"தீபாவளிக்குள்ள உதால என்ன பிரயோசனம் எண்டு அவரை எனக்குச் சொல்லச் சொல்லும். இல்லாட்டி பொலிசிட்டக் குடுத்துப்போட்டு வரட்டும்."

கள்ளன்

அண்ணைக்கு அந்தத் துவக்கில் ஆசை பிறந்ததே அதற்குப் பிறகுதான். கொடுத்தால் திரும்ப வாங்கவே முடியாது என்பது அவரைக் குடைந்தது. முதல் பிரயோசனமாகக் கள்ளனைச் சொன்னார். யூனியன்வில்லில் நகை களவெடுக்க வருகிறார்கள், உண்மைதான். ஆனால் சட்டப்படி துவக்கு பூட்டுப் போட்டு, பெட்டிக்குள் பூட்டி இருக்க வேண்டும், ரவை வேறிடத்தில். கள்ளனைச் சுடுகிற உரிமை எங்கும் எழுதியில்லை என்றும் சொன்னேன். "காட்டினால் காணும், ஓடிப்போடுவான்" என்றார்.

யோகா அக்கா விடவில்லை. பரீட்சை வைத்தார். தானே கள்ளனாக வாசலால் நுழைந்தார். அண்ணை பெட்டி இருந்த நிலக்கீழ் அறைக்கு ஓடினார். மூக்குக்கண்ணாடி மேலே. துவக்குப் பூட்டின் திறப்புக் கோர்வை காருக்குள். பெட்டியின் இரகசிய எண் மகளின் பிறந்தநாள். எந்த மகள் என்பதில் குழப்பம். முடிவை அக்கா எனக்குப் போனில் அறிவித்தார்.

"கள்ளன் பாத்துப் பாத்துக் களைச்சு, தேத்தண்ணி போட்டுக் குடிச்சு, கோப்பையும் கழுவி வைச்சிட்டான் தம்பி."

கரடி

பிறகு கரடி. மருமகன் வடக்கே மஸ்கோக்காக் காட்டோரம் விடுமுறைக்குக் கொட்டேஜ் எடுத்திருந்தான், அங்கே குப்பை வாளிக்குக் கரடி வருமாம். இந்தக் காலிபர் கரடிக்கென்றே செய்தது என்று அண்ணை எங்கோ வாசித்திருந்தார். வாசித்தது பிழையில்லை. துவக்கைக் கொண்டுபோக அவருக்குக் கொடுத்த பெர்மிற்றில் இருந்ததுதான் வேறு: வீட்டிலிருந்து றேஞ்ச், றேஞ்சிலிருந்து வீடு. இடையில் காடு இல்லை. என் வாயிலிருந்து அதைக் கேட்க அவருக்கு விருப்பமில்லை. ரீற்றா அக்காவிடம் மேன்முறையீடு செய்தார்.

"அண்ணை, அப்ப கரடியை இஞ்ச கூட்டிக்கொண்டு வாங்கோ. அதுக்கு ஒரு தடையும் இல்லை."

பூசை

ஆயுதபூசைக்கு றிச்மண்ட் ஹில் பிள்ளையாரிடம் கொண்டுபோய்ப் பொட்டு வைக்கலாமா என்று கேட்டார். பூசையில் வைக்கிற சாமான் என்றால் வீட்டில் இருக்கத்தானே வேண்டும் என்பது அவர் கணக்கு. பெர்மிற்றில் கோயிலும் இல்லை. கடைசியில் எங்கள் தரிப்பிடத்திலேயே பூட்டிய பெட்டிக்குச் சந்தனம் பூசி, கார்ச் சில்லின் கீழ் தேசிக்காய் வைத்து நசித்தார். கற்பூரத்தை எடுத்தபோது ரீற்றா அக்கா வாசலுக்கே வந்துவிட்டார்.

"அண்ணை, உள்ளுக்கு இருக்கிறது முழுக்க வெடிமருந்து. எல்லாருமாய்ச் சேர்ந்து கைலாயம் போகவேண்டி வரும்."

தீர்ப்பு

தீபாவளிக்கு முந்திய சனிக்கிழமை யோகா அக்கா நேரிலேயே வந்தார். பெட்டியை அன்றே பொலிஸ் நிலையத்தில் கொடுத்துவிட்டு, அப்படியே மரக்கறி வாங்கிக்கொண்டு போவதாகத் திட்டம். றேஞ்சின் கண்ணாடிச் சுவருக்கு இப்பால் கதிரையில் அமர்ந்தார். நான் பக்கத்தில் நின்றேன்.

அண்ணை மணிக்கட்டுக்குப் பட்டி சுற்றினார். ஐந்து வெடிக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும் என்கிறீர்கள்? மிச்ச நேரமெல்லாம் கண்ணாடிக்கு அப்பாலுள்ள கோப்பி மெஷினடிதான். யார் வந்தாலும் பிடித்து வைத்து, தன் துவக்கின் உதையைப் பற்றி விளக்குவார். அன்றும் விளக்கினார். தலைப்பாகை கட்டிய ஒரு பையன் பொறுமையாகத் தலையாட்டினான். அக்கா கண்ணாடி வழியாக அதை நெடுநேரம் பார்த்தார்.

"ஒவ்வொரு சனியும் உப்பிடித்தானோ?"

"ஓம் அக்கா. கடை பூட்டும்வரைக்கும்."

"வீட்டில எண்டா உந்தக் கதை முழுக்க எனக்குத்தான்" என்றார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அண்ணை சமையலறையில் மேற்பார்வையாம். தூள் போத்தல்களை உயரப்படி அடுக்கியிருக்கிறார். பாத்திரம் கழுவும் மெஷினில் அக்கா அடுக்கிய கோப்பைகளை எடுத்து மறுபடி அடுக்குகிறார். அண்ணை வீட்டில் இல்லாத சனிக்கிழமை போனில் கேட்ட பழைய பாட்டும் அவசரமில்லாத குரலும் அப்போதுதான் எனக்கு விளங்கின.

ஐந்தாவது வெடியில், வாங்கிய நாளிலிருந்து முதல்தடவையாக, தாளின் மேல் மூலையில் ஒரு ஓட்டை விழுந்தது. அண்ணை தாளைக் கழற்றிக்கொண்டு, தீர்ப்புக் கேட்கிற முகத்தோடு வந்து நின்றார். அக்கா ஓட்டை வழியாக அவரைப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்."

அண்ணை தாளைச் சுருட்டிக்கொண்டு நேரே சீக்கியப் பையனிடம் போனார். குறி பிடிபட்டதால்தான் துவக்குத் தப்பியது என்று இன்றுவரை நம்புகிறார். அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து, என் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, ஞாயிற்றுக்கிழமைக்கும் ஏதாவது துவக்கு இருக்கோ?"

அதனால்தான், இவ்வளவு பெரிய றிவோல்வரால் பிரயோசனம் உண்டா என்று யாராவது கேட்டால், வீட்டில் யாருக்கு என்று கேட்டுவிட்டுத்தான் இப்போது பதில் சொல்கிறேன்.