மதகில் தேய்ந்த மட்கார்ட்

நான் கஞ்சன் அல்ல. வந்தவருக்குச் சாப்பாடு போட்டிருக்கிறேன், குளிருகிறது என்றவருக்குத் தோளில் கிடந்த சால்வையைக் கழற்றிக் கொடுத்திருக்கிறேன். என் காரை மட்டும் ஒரு காலம் ஒருவர் கையிலும் கொடுக்கவில்லை. அதில் எனக்கு அந்த நாட்களில் வெட்கம் இருக்கவில்லை. பெருமைதான் இருந்தது.

மலாயாவில் ரயில்வே கிளாக்காக எட்டு வருடம் இருந்துவிட்டு, ஐயா காலமான பிறகு அளவெட்டிக்குத் திரும்பியவன் நான். திரும்பிய அடுத்த வருடமே, கண்டிப் பக்கத்தில் ஒரு தோட்டத்துரை சீமைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு, போய் அவருடைய காரை வாங்கி வந்தேன். கரும்பச்சை நிறம். மடக்கி விரிக்கிற கன்வஸ் கூரை. முன்னால் ஹான்டிலைப் போட்டுச் சுழற்றினால் இரண்டு தரம் இருமிவிட்டு மூன்றாந்தரம்தான் உயிர் வரும். ஒழுங்கைக்குள் திரும்பும்போது ரப்பர் குமிழை அமுக்குவேன். நாய்கள் குரைக்கும், கோழிகள் வேலிக்கு மேலால் பறக்கும், எனக்கு உள்ளங்கால்வரை குளிரும்.

முதல் இரண்டு மாதம் நானும் மனிசனாகத்தான் இருந்தேன். என்னோடு படித்த சிநேகிதன் ஒருவன் ஒரு வெள்ளிக்கிழமை காரைக் கேட்டான். கொடுத்தேன். போனவன் மயிலிட்டிக் கரைக்குப் போய், வள்ளத்தால் இறக்கின சூடை மீனை ஓலைப்பறியோடு பின் சீற்றில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தான். அம்மா வெள்ளிக்கிழமை விரதக்காரி. வளவுக்குள் கார் வந்ததுமே மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போனவர், மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் அதன் கிட்ட வரமாட்டேன் என்றுவிட்டார். ஒரு கிழமை சீற்றைக் கழற்றி வெயிலில் வைத்தேன். அன்றைக்கு எடுத்த முடிவுதான்: இனி ஸ்டியரிங்கை என் கை தவிர வேறு கை தொடாது. சூடை மீனுக்காக மனிதர்கள் எல்லோரையும் தண்டித்தேன் என்பது பிறகுதான் விளங்கியது.

அப்படித் தண்டித்தவர்களில் ஒருவர் அத்தான், என் அக்காவின் புருஷன். புகையிலைத் தோட்டக்காரர். கதை குறைவு. அவரிடம் ஒரு சோடி வெள்ளை மாடும் வண்டிலும் இருந்தன. ஊரில் ஆர் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுப்பார். நான் மலாயாவில் இருந்த எட்டு வருடமும் எங்கள் வீட்டின் ஆண்பிள்ளை அவர்தான். ஐயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனது அவருடைய வண்டில். நான் கப்பலில் வந்து சேருவதற்குள் செத்தவீட்டு வேலை, எட்டாம் நாள் எட்டுச் செலவு எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொண்டவரும் அவர்தான். எனக்குத் தெரியாததல்ல. தெரிந்துகொண்டுதான் அவரிடம் அந்தச் சொல்லைச் சொன்னேன்.

ஒரு பின்னேரம், நான் காரைத் துடைத்துக்கொண்டு நிற்கும்போது வந்தவர், கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "தம்பி, ஸ்டியரிங்கை ஒருக்காப் பிடிச்சுப் பாக்கட்டோ?" என்றார்.

"இது மாடில்லை அத்தான், நாணயக் கயித்தை இழுத்த பக்கம் வாறதுக்கு" என்றேன் நான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னேன். அவரும் சிரித்தார். "ஓம், ஓம்" என்று சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். அதற்குப் பிறகு கேட்கவும் இல்லை, காரில் ஏறவும் இல்லை. அக்காவை நான் கோயிலுக்கு ஏற்றிக்கொண்டு போனால் அவர் வண்டிலில் பின்னால் வருவார். கேட்டால், மாட்டுக்கு நடை வேணும் என்பார்.

அடுத்த வருடம் தங்கச்சிக்குக் கலியாணம் பொருந்தியது. மாப்பிள்ளை மருதனார்மடம். மாப்பிள்ளையை என் காரில் நானே ஏற்றிக்கொண்டு வருவேன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கூரையை மடக்கிவிட்டு, மட்கார்டில் பூமாலை கட்டி, சுன்னாகம் சந்தைக்கு முன்னால் மெதுவாக ஓட்டிக்கொண்டு வருவதாகக் கனவுகூடக் கண்டேன். கலியாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது அம்மாவின் தமையன், எங்கள் அம்மான், வெற்றிலையை மென்றபடி ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப தோழன் ஆர்?"

எங்கள் பக்கத்தில் பெண்ணின் சகோதரன்தான் மாப்பிள்ளைக்குத் தோழன். அவன்தான் போய் மாப்பிள்ளையை அழைக்க வேண்டும், தலைப்பாகையோடு அவர் பக்கத்தில் இருந்து வர வேண்டும், வாசலில் இறங்கிக் கால் கழுவ வேண்டும். அதற்கு மாப்பிள்ளை அவனுக்கு மோதிரம் போடுவார். இருந்த ஒரே ஆண்பிள்ளை நான். இது என் மண்டையில் ஏறவே இல்லை. அவ்வளவுக்குக் கார் நிறைந்து கிடந்தது.

"தலைப்பாகையோடை நானே காரை ஓடுறன்" என்றேன்.

"மாப்பிள்ளையைப் பின்னாலை தனிய விட்டிட்டு, தோழன் றைவர் வேலை பாக்கிறதோ? சம்பந்தி வீட்டார் சிரிப்பினம்" என்றார் அம்மான்.

யாழ்ப்பாணத்துக்குப் போய் றைவர் தேடினேன். கலியாண நாள் நல்ல முகூர்த்த நாள். ஓடத் தெரிந்த ஒருவரும் மிஞ்சவில்லை. வீட்டுக்கு வந்து தலையில் கை வைத்துக்கொண்டு இருந்தபோது அக்கா மெல்லச் சொன்னார்:

"உன்ரை அத்தான் ஓடுவார், தம்பி."

"என்னத்தை?"

"லொறி. தெற்கை காலிக்குப் பொயிலை கொண்டுபோற லொறி. ரண்டு வரியமா ஓடுறார், லைசென்சும் இருக்கு. உன்னட்டைக் கேட்ட நேரமே அவருக்கு ஓடத் தெரியும்."

எனக்கு முகம் சுட்டது. லொறியில் பாதி இலங்கை ஓடிய மனிதரிடம் அல்லவா மாட்டுக் கதை சொல்லியிருக்கிறேன். அவர் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் என்ன?

அன்றைக்கே போனேன். மாட்டின் கழுத்தைத் தேய்த்துவிட்டுக்கொண்டு நின்றார். நான் விஷயத்தைச் சொல்லி முடிக்கும்வரை தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"அவள் என்ரை மச்சாள். நான் ஓடாமல் ஆர் ஓடுறது?" என்றார். "ஆனால் ஒண்டு. நான் பிடிக்கேக்கை நீ பின்னாலை இருந்து ஒரு கதை கதைக்கப்படாது. கையும் நீட்டப்படாது."

"ஓம்" என்றேன்.

கலியாண நாள் நல்ல வெயில். மாப்பிள்ளையை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். பட்டு வேட்டி, தலைப்பாகை, கழுத்தில் மாலை; அத்தானுக்கு நேர் பின்னால், என் சொந்தக் காரில், விருந்தாளி மாதிரி நான். பின்னால் இருந்து பார்க்கும்போது ரோட்டு இவ்வளவு ஒடுக்கம் என்பது எனக்கு அதுவரை தெரியாது. அத்தான் நன்றாகத்தான் ஓடினார். உண்மையைச் சொன்னால் என்னைவிட நன்றாக ஓடினார். கியர் மாற்றும் சத்தமே கேட்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. சுன்னாகம் வரும்வரை கால்விரலால் தரையை அமுக்கி, இல்லாத பிறேக்கைப் போட்டுக்கொண்டு வந்தேன்.

"மச்சான், வயித்துக்கை ஏதும் செய்யுதோ?" என்று மாப்பிள்ளை மெல்லக் கேட்டார்.

மல்லாகத்தில் திரும்பி அளவெட்டி ரோட்டில் வரும்போது, மதகடியில் எதிரே ஒரு வண்டில் வந்தது. அத்தான் வேகத்தைக் குறைத்து, இடப்பக்கம் மதகுச் சுவரை அணைத்தபடி காரை எடுத்தார். சுவருக்கும் மட்கார்டுக்கும் நடுவே ஒரு சாண் இருந்திருக்கும். என் கண்ணுக்கு ஒரு நூல்கூட இல்லை. "அத்தான்" என்று கத்தியபடி முன் சீற்றுக்கு மேலால் எட்டி, ஸ்டியரிங்கைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தேன்.

எதிரே வந்த மாட்டின் நெஞ்சுக்குக் கார் நேரே போனது. அத்தான் பலத்தோடு திருப்பிப் பிடித்தார். மாடு தப்பியது. அந்த இழுபறியில் இடப்பக்க மட்கார்ட் மதகுச் சுவரில் நீளத்துக்குத் தேய்ந்தது. அந்தச் சத்தம் இன்றைக்கும் என் பல்லில் இருக்கிறது.

அத்தான் காரை நிறுத்தினார். திரும்பி என்னைப் பார்க்கவில்லை. இறங்கி, அறுந்து தொங்கிய பூமாலையைத் திருப்பிக் கட்டிவிட்டு ஏறினார். மாப்பிள்ளை தன் மாலையைச் சரிசெய்து கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்து சேர்ந்தோம்.

வாசலில் மேளம் முழங்கியது. காயத்தை முதலில் கண்டவர் அம்மான். "உதென்ன, மட்கார்ட் கிழிஞ்சு கிடக்கு?" என்று அவர் கேட்டதும் சனம் கூடிவிட்டது.

"என்ரை கை தவறிப்போச்சு. மதகிலை தேச்சுப்போட்டன்" என்றார் அத்தான்.

நான் அந்த நேரம் குனிந்து மாப்பிள்ளையின் காலைக் கழுவிக்கொண்டிருந்தேன். கேட்டது. நிமிர்ந்து "இல்லை, நான்தான்" என்று சொல்ல ஒரு மூச்சு நேரம் போதும். செம்பில் மிச்சமிருந்த தண்ணீரையும் ஊற்றினேன். மாப்பிள்ளை மோதிரத்தைப் போட்டார், ஸ்டியரிங்கை இழுத்த அதே வலக்கையில். போடும்போது என் முகத்தைப் பார்த்தார். நான் பார்க்கவில்லை.

ஊர் விடுமா? அடுத்த நாளே அத்தானுக்கு "மதகர்" என்று பட்டம் விழுந்துவிட்டது. லொறி வைத்திருந்த புகையிலை வியாபாரிகூட, லொறியைப் பிடிக்கவோ என்று கேட்ட அத்தானிடம், "ஒரு மாதம் பொறும்" என்றாராம். நான் வீட்டுக்குள்ளேயே கிடந்தேன். ஐந்தாம் நாள் அக்கா வந்தார். வந்ததும் வராததுமாய்,

"குறை நினையாதை தம்பி. நான்தானே அவர் ஓடுவார் எண்டு உனக்குச் சொன்னனான். நீ முந்தியே சரியாத்தான் சொன்னனீ. அந்த மனிசனுக்கு மாடுதான் சரி" என்றார்.

என் வார்த்தை என் அக்காவின் வாயிலிருந்து வந்தது. அதற்கு மேல் என்னால் முடியவில்லை, நடந்ததைச் சொன்னேன். அக்கா அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

"எனக்குக்கூடச் சொல்லேல்லையே. நாலு நாளா நான் அந்த மனிசனோடை முகம் குடுத்துக் கதைக்கேல்லை, தம்பி" என்றார்.

தோட்டத்துக்கு ஓடினேன். அத்தான் புகையிலைக்குப் பாத்தி பாத்தியாகத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றார். ஊருக்கு முன்னால் நானே சொல்கிறேன் என்றேன்.

"விசர்க் கதை கதையாதை" என்றார். "றைவர் தேச்சால் அது வெறும் கார்க் காயம். தோழன் கையாலை வந்ததெண்டால் அபசகுனம் எண்டுவினம். நாளைக்கு அந்த வீட்டிலை ஒரு தலையிடி வந்தாலும் எங்கடை பிள்ளையைத்தான் சொல்லுவினம். மாப்பிள்ளைக்குத் தெரியும், அது போதும். அவளுக்கு ரண்டு பிள்ளை பிறந்து வளரட்டும், பிறகு சொல்லு."

அவ்வளவையும் அந்த மதகடியில், பூமாலையைக் கட்டுகிற நேரத்துக்குள் யோசித்திருக்கிறார். நானோ ஒரு மட்கார்டைத்தான் யோசித்தேன்.

அன்று பின்னேரமே கார் ஹான்டிலைக் கொண்டுபோய் அவர் கையில் கொடுத்தேன். அன்றைக்குப் பிறகு அத்தான் கேட்டபோதெல்லாம் கார் போனது. கேட்காதபோதும் நானே கொண்டுபோய் நிறுத்தினேன். மட்கார்டுக்குப் பெயின்ற் அடிக்கவில்லை. "திரும்பவும் உவரிட்டையோ?" என்று கேட்டவர்களுக்கு, "ஓம், உவரிட்டைத்தான்" என்றேன். அத்தான் ஓட, அக்கா முன்னால் இருக்க, நான் பின் சீற்றில் இருந்து கீரிமலைக்கும் நல்லூருக்கும் போன நாட்கள்தான் அந்தக் காரில் எனக்கு நல்ல நாட்கள். சிநேகிதனும் ஓடினான். மீனும் ஒரு தரம் ஏறியது. இரு கையையும் நீட்டாமல் மடியில் வைத்திருக்கப் பழகினேன். அந்த வெயிலும் பெற்றோல் மணமும் அக்காவின் சிரிப்பும் இப்போதும் வேண்டும் போலிருக்கிறது.

பிறகு உலகச் சண்டை வந்தது. பெற்றோல் கூப்பனுக்கு வந்தது. கார் நாலு கல்லின் மேல் ஏறிக் கொட்டிலுக்குள் நின்றது. சண்டை முடிவதற்குள் விற்றுவிட்டேன். வாங்க வந்தவர் சுற்றிப் பார்த்துவிட்டு, இடப்பக்கம் வந்து நின்றார். அத்தான், அம்மான், அயலட்டை, தங்கச்சியும் அவளுடைய இரண்டு பிள்ளைகளும், எல்லோரும் முற்றத்தில் நின்றோம்.

"இது ஆர் தேச்சது?" என்று கேட்டார் வந்தவர்.

அயலவர் ஒருவர் சிரித்தபடி அத்தானைப் பார்த்தார். அத்தானும் வழக்கம் போல வாயைத் திறந்தார்.

"நான்தான்" என்று நான் முந்திக்கொண்டேன்.